இடப்பக்கம் சாய்ந்த சக்கரங்கள்

அந்த வண்டியை முதல் தடவை பார்க்கிறவர்கள் அது எங்கேயோ அடிபட்டு வந்திருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். முன்சக்கரங்கள் இரண்டும் நேராக நிற்காது. வலப்பக்கச் சக்கரத்தின் தலை வண்டியை நோக்கி உள்ளே சாய்ந்திருக்கும். இடப்பக்கச் சக்கரத்தின் தலை வெளியே தள்ளியிருக்கும். எதிர்க்காற்றில் நடக்கும் இரண்டு பேர் போல இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் நஞ்சப்பன் வீட்டுக்குக் கொலுவுக்கும் பிறந்தநாளுக்கும் வந்தவர்கள் கராஜைக் கடக்கையில், "என்னங்க, இன்னும் ரிப்பேர் பண்ணலையா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நஞ்சப்பன் சிரித்துக்கொள்வான். அதை அந்த அளவுக்குக் கோணலாக்க அவனுக்குப் பல சாயங்காலங்கள் பிடித்திருக்கும்.

தார் போட்ட நீள்வட்டப் பாதையில், இடப்பக்கம் மட்டுமே திரும்பித் திரும்பி ஓடுகிற பந்தயக் கார் அது. வேகமாக வளைவுக்குள் நுழைந்ததும் பாரமெல்லாம் வலப்பக்க முன்சக்கரத்தின் மேல் வந்து விழும். வண்டியின் உடம்பு வலப்பக்கமாகச் சரியும். அப்போதுதான் அந்தக் கோணல் சக்கரம் நிமிரும். நிமிர்ந்து, தன் அகலம் முழுவதையும் தார்மேல் படியவைத்து, அத்தனை இரும்பையும் அதற்குள் இருக்கும் ஆளையும் பிடித்துத் திருப்பும். தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது உள்ளங்கை அகலத்துக்குச் சற்று மேலான ரப்பர். நிற்கும்போது நேராக இருந்தால் வளைவில் கோணிவிடும். வளைவில் நேராக வேண்டுமானால் நிற்கும்போது கோணலாக இருந்தாக வேண்டும். எவ்வளவு கோணல் என்பதுதான் நஞ்சப்பனின் வேலை.

ஓட்டுவது அவனில்லை. அவன் மனைவி வசந்தாமணி.

பல்லடம் பக்கத்துக்காரி. நாற்பதைத் தாண்டியவள். ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கூட வேலை பார்த்த ஒருத்தி, பெண்களுக்கு மட்டும் என்று நடந்த பந்தயத்துக்கு விளையாட்டாக அழைத்துப்போய், தன் கணவனின் வண்டியில் உட்கார வைத்துவிட்டாள். வசந்தாமணி கடைசிக்கு முந்தின ஆளாக வந்தாள்.  நஞ்சப்பனோடு வீடு திரும்புகையில், பிரீவேயில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனபிறகு, "ஏனுங்க, எனக்கொரு வண்டி வேணுமுங்க" என்றாள். நஞ்சப்பன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குக் குழாய்ப் பாதை வரைந்து கொடுக்கும் இன்ஜினியர். கல்லூரியில் கூடப் படித்த கோவை கோட்டைமேட்டுப் பசீர் அகமது ஹூஸ்டனிலேயே டயர் கடை வைத்திருந்தான். இருவரும் சேர்ந்து, எங்கோ கிடந்த பழைய கார்க் கூட்டுக்கு உயிர் கொடுத்தார்கள். மூன்றாவது வருடத்தில் அவள் ஆண்களோடு ஓட்டினாள். முதல் ஐந்து பேருக்குள் வந்துகொண்டிருந்தாள்.

பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் மரகதம் ஆன்ட்டி ஒருநாள் அவளைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா வசந்தா, சாமியை வலமாச் சுத்தறோம். வாரம் பூரா சேர்த்த புண்ணியத்தைச் சனிக்கிழமை சாயங்காலம் இடமாச் சுத்தி அவுத்து விட்டுட்டு வர்றியாமே?"

"அதுக்குத்தானுங்க ஆன்ட்டி, ஞாயித்துக்கெழமை மறுக்கா வந்து சுத்தறேன்" என்றாள் வசந்தாமணி.

தொண்ணூற்றெட்டு மே மாதம் அவள் சுவரில் மோதினாள். மெக்சிகோக் காட்டுத்தீயின் புகை வளைகுடாவைத் தாண்டி வந்து டெக்சாஸின் மேல் கவிந்திருந்த மாதம் அது. நடுப்பகலில்கூட ஆகாயம் சாம்பல் கரைத்த நீராக இருந்தது. வண்டி மூன்றாவது வளைவுக்குள் நுழைந்தது, ஸ்டியரிங் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. நேராகப் போய் வலப்பக்கத்தைச் சுவரில் கொடுத்தது. முன்சக்கரம் பிய்ந்து, டயர் நார் நாராகக் கிழிந்து, அதை வைத்து எதையும் சொல்ல முடியாமல் ஆயிற்று. அவளுக்கு விலா எலும்பில் அடி. முறிவில்லை.

ஆம்புலன்ஸ் படியில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் முன்னால், பக்கத்து வண்டிக்காரர்கள் சூழ்ந்து நிற்கையில், நஞ்சப்பன் சொன்னான்: "லேட்டாப் பிரேக் புடிச்சுட்டா. நான் செட் பண்ணதுல அரை நூல் தப்பு கிடையாது."

"வண்டி திரும்பலீங்க" என்றாள்.

"வண்டி திரும்பாம எங்க போகும்? நீ திருப்பல."

பயத்தில் பேசினான் என்று பசீர் பிற்பாடு சமாதானம் சொன்னான். ஆனால் சொல் சொல்தான். அதன்பிறகு அந்த வீட்டில் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. ஆஸ்டினில் படித்துக்கொண்டிருந்த மகள் வான்மதி போன் செய்தால் ரிசீவர் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வார்த்தையில்லாமல் மாறியது. நஞ்சப்பன் வண்டியை ரிப்பேர் செய்தான், விற்பதற்காக. வாங்குகிறவன் ஞாயிற்றுக்கிழமை வந்து ஏற்றிக்கொண்டு போவதாகப் பேச்சு.

வியாழக்கிழமை வேலை முடிந்து பசீர் வந்தபோது வசந்தாமணி கராஜில் கொள்ளு ரசம் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். கராஜின் வலப்பக்கச் சுவரோரம் அவளுடைய இரண்டாவது சமையலறை. கருவாடும் மீனும் வீட்டுக்குள் மணக்கக் கூடாதென்று அடுப்பும், மாவாட்டும் கிரைண்டரும், ஒரு குழாயும் அங்கே வைத்திருந்தாள். மாசியில்தான் நஞ்சப்பன் அவளுக்காகத் தரையைப் புதிதாகப் போட்டிருந்தான். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் தேங்காமல் போக வேண்டும் என்று கேட்டிருந்தாள். புதுத் தரை வந்ததிலிருந்து வண்டி வேலையும் பசீரின் கடையிலிருந்து வீட்டுக்கே வந்துவிட்டது.

"பசீரண்ணா, சனிக்கெழமை நான் ஓட்டோணும்" என்றாள். "ஒரே ஒருக்கா. அப்பறம் வித்துக்கட்டும்."

"விலா எலும்பு என்ன சொல்லுது?"

"அதுங்கூட அவியளாட்டத்தான். இருமினா மட்டும் பேசுது."

வண்டிக்கு அந்தப்பக்கம் நஞ்சப்பன் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"எனக்குத் தெரியோணுமுங்கண்ணா. தப்பு என்ற மேலயா, வண்டி மேலயான்னு. என்ற மேலன்னா நான் ஓட்டுறதுக்கு லாயக்கில்ல, ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன். அது தெரியாம வித்துப்போட்டா, சாகற மட்டும் அந்த வளைவுலயே நிப்பேன். அவியகிட்டச் சொல்லுங்க. அன்னைக்கு எப்படி செட் பண்ணாங்களோ அதே அளவுல, நான் பாக்கப் பாக்க, மறுபடி பண்ணோணும்."

பசீர் திரும்பினான். "நஞ்சப்பா..."

"கேட்டுச்சு."

"கேட்டுச்சாம் தங்கச்சி."

வேலை ஆரம்பித்தது. ஓட்டுகிறவர் உட்கார்ந்திருக்கும்போது வண்டி எப்படி அமர்ந்திருக்குமோ அப்படி அமர்த்தி அளக்க வேண்டும். அதற்காக நஞ்சப்பன் வசந்தாமணியின் எடைக்குச் சரியாகப் பொன்னி அரிசி மூட்டைகளைச் சீட்டில் அடுக்கி பெல்ட் போட்டுக் கட்டினான்.

"குருவாயூர்ல பண்ற துலாபாரமாட்ட இருக்கு மாப்ள" என்றான் பசீர். "நேர்ந்துக்கிட்டியா?"

நஞ்சப்பன் சிரிக்கவில்லை. வசந்தாமணி அடுப்பைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள்.

முதலில் இரண்டு முன்சக்கரங்களுக்கும் நடுவே உள்ள தூரம். டயரின் முகத்தில் ஆணியால் கீறிய கோட்டை வைத்து, முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை அளப்பார்கள். முன்பக்கம் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், அதிகமாக, சற்று விரிந்து இருக்க வேண்டும். டேப்பை ஒருவர் தனியாகப் பிடிக்க முடியாது. பசீர் விளக்கைத் தூக்கிக் காட்ட, புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு சக்கரத்தின் அருகே குந்தினார்கள்.

"பசீரண்ணா, டேப்பை இழுத்துப் புடிக்கச் சொல்லுங்க. தொங்குது."

"தொங்குதாம்."

"தொங்கல. அவ மேல தூக்கிப் புடிச்சிருக்கா."

"தூக்கிப் புடிச்சிருக்கியாம்."

"என்ற கையி தரையோட இருக்குது. கண்ணாடியைத் தொடச்சுட்டுப் பாக்கச் சொல்லுங்க."

"இந்த வயசுல எனக்கு போஸ்ட்மேன் உத்தியோகம்" என்றான் பசீர். "சம்பளம் உண்டா, இல்ல கொள்ளு ரசம் மட்டுந்தானா?"

அளவு சரியாக இருந்தது. அடுத்து சாய்வு. சக்கரத்தின் நடுக்குடத்தில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சிறு ரசமட்டக் கருவி. குமிழி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் சாய்வின் அளவு. நஞ்சப்பன் கருவியை வலச்சக்கரத்தில் வைத்தான். வண்டியை முன்னும் பின்னும் அசைத்து அடங்கவிட்டான். குமிழி நடுங்கி நின்றது. சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் மேல்கைக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவில் அரை நூல் தகடு ஒன்றைச் செருகி, மறுபடி பார்த்தான். இடச்சக்கரத்திலும் அப்படியே. மூவரும் குனிந்து பார்த்தார்கள். குமிழிகள் நிற்க வேண்டிய கோட்டில் நின்றன.

"பாத்துக்க பசீரு" என்றான் நஞ்சப்பன். குரலில் வெற்றியில்லை, களைப்புத்தான் இருந்தது. "இதே அளவுதான். வண்டில ஒண்ணுமில்ல."

வசந்தாமணி கருவியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பரிசோதனைக் கூடத்தில் தினமும் அளவுகளைப் படிக்கிறவள். அதோடு சண்டை போட முடியாது என்று அவளுக்குத் தெரியும். எழுந்தாள். கை கழுவவேண்டும் போலிருந்தது. கிரைண்டரிலிருந்து வழித்த மாவுப் பாத்திரம் குழாயடியில் ஊறிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் தேய்த்து, மாவு கரைந்த வெள்ளைத் தண்ணீரைத் தரையில் சாய்த்தாள்.

தண்ணீர் ஒரு கணம் கூடத் தயங்கவில்லை. மெல்லிய வெள்ளைக் கோடாகப் புறப்பட்டு, வண்டிக்கு அடியில் நுழைந்து, வலச்சக்கரத்தைத் தாண்டி, இஞ்சினின் நிழலைத் தாண்டி, இடச்சக்கரத்தின் அடியில் முட்டி, இரண்டாகப் பிரிந்து, இடப்பக்கச் சுவரோரம் நஞ்சப்பன் வைத்த சாக்கடைக் கண்ணில் போய் விழுந்தது. விழும் சத்தம் மட்டும் கேட்டது.

வசந்தாமணி பாத்திரத்தோடு நின்றாள். நஞ்சப்பனைப் பார்த்தாள். அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அட கெரகமே" என்றான்.

"என்ன மாப்ள?"

"வாட்டம்."

தண்ணீர் ஓடுவதற்காக அவனே விட்ட வாட்டம். வெளியே போகும் குழாய் இடச்சுவரில்தான் இருந்ததால், தரை முழுவதையும் வலத்திலிருந்து இடத்துக்கு, கண்ணுக்குத் தெரியாமல், அழகாகச் சரித்திருந்தான். இந்த நாட்டுக் கராஜ்கள் வாசலை நோக்கிச் சரிந்திருக்கும் என்று அறிந்து, முன்னும் பின்னும் பலகை வைத்து மட்டம் பிடித்திருந்தான். குறுக்கே பார்க்கவில்லை. குறுக்கு வாட்டம் அவன் மனதில் சமையல் வேலையைச் சேர்ந்தது. இது வண்டி வேலை. ஒரே தரை இரண்டுக்கும் அடியில் இருந்தது அவனுக்குத் தோன்றவேயில்லை.

"டியூப் இருக்குதா பசீரு? உள்ள தண்ணி தெரியற டியூப்?"

பசீரின் வேனில் பெட்ரோல் உறிஞ்ச வைத்திருந்த டியூப் கிடந்தது. வசந்தாமணி அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, கண்ணுக்குத் தெரியட்டும் என்று ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் கரைத்த தண்ணீரை நிரப்பினாள். நம் ஊரில் கொத்தனார் மட்டம் பார்ப்பது போல, ஒரு நுனியை அவள் வலச்சக்கரத்தின் அருகே பிடித்தாள். மறுநுனியை அவன் இடச்சக்கரத்தின் அருகே பிடித்தான். வண்டிக்கு அடியில் டியூப் கிடந்தது. மஞ்சள் நீர் அவள் பக்கம் ஏறியது, அவன் பக்கம் ஏறியது, மூச்சு வாங்குவது போல இரண்டு மூன்று தடவை ஆடியது. பிறகு நின்றது.

 வெளியே யாரோ புல் வெட்டும் மெஷினை நிறுத்தினார்கள். ஓர் ஆள் நீளத்துக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் இரண்டு மஞ்சள் கோடுகள் ஒரே உயரத்தில் நின்றன. பூமியின் மட்டம் அதுதான், அதற்கு மேல் கேட்க ஆளில்லை. அவளுடைய கோட்டிலிருந்து தரைக்கு உள்ள தூரத்தைவிட, அவனுடைய கோட்டிலிருந்து தரைக்கு ஒரு விரற்கடை கூடுதல்.

தரை இடப்பக்கம் தாழ்ந்திருந்ததால் வண்டியே அந்தப்பக்கம் சாய்ந்து நின்றது. வண்டியின் சாய்வையும் சக்கரத்தின் சாய்வையும் கருவி ஒன்றாகச் சேர்த்துக் காட்டியிருக்கிறது. போதுமான கோணல் இருக்கிறது என்று நம்பித்தான் அவன் அவளை அனுப்பினான். மட்டமான தாரில் அதில் கால்பங்குக்கு மேல் குறைந்துபோயிருக்கும். வளைவில் சக்கரம் நிமிர்ந்து, நிமிர்ந்த இடத்தில் நிற்காமல், வெளி விளிம்பின் மேல் புரண்டிருக்கும்.

நஞ்சப்பன் டியூபைக் கீழே வைக்கவில்லை. "பசீரு, அவகிட்டச் சொல்லு..."

"நான் வேலையை விட்டுட்டேன்" என்றான் பசீர். "நீயே சொல்லு."

நஞ்சப்பன் வண்டியின் மூக்குக்கு மேலாக அவளைப் பார்த்தான். "வண்டி திரும்பல வசந்தா" என்றான். "நீ சொன்னதுதான். வண்டிதான் திரும்பல."

 "வாட்டம் வேணும்னு நாந்தானுங்க கேட்டேன்" என்றாள் வசந்தாமணி.

"கேட்டது நீ. மறந்தது நான்."

சமையலறைக்குப் போட்டது போக மிஞ்சிய தரை ஓடுகளை இடச்சக்கரங்களின் அடியில் அடுக்கி, டியூபைப் பிடித்துப் பிடித்து, நான்கு சக்கரங்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு முதலிலிருந்து அளந்தார்கள். இந்தத் தடவை வலப்பக்கம் தகடுகள் கூடின, இடப்பக்கம் குறைந்தன. முடித்துவிட்டு எழுந்து பார்க்கையில் சக்கரங்கள் முன்னைவிடக் கோணலாக இருந்தன. மூவரும் வெளியே நின்றபடியே அரிசிம்பருப்புச் சாதமும் கொள்ளு ரசமும் சாப்பிட்டார்கள்.

"சனிக்கெழமை கொஞ்சம் மெதுவா உள்ள போயிப் பாரு" என்றான் நஞ்சப்பன். "நான் கணக்குத்தான் போட்டிருக்கேன். கணக்குல அன்னைக்கும் சரியாத்தான் இருந்துச்சு."

"மெதுவாப் போனா எந்த வண்டியும் திரும்புமுங்க. அன்னைக்குப் போன அதே வேகத்துல போனாத்தான் எனக்குத் தெரியும்."

"தப்பா இருந்தா மறுபடி செவுரு."

"ஆமாங்க" என்றாள்.

சனிக்கிழமை மாலை புகைக்குப் பின்னால் சூரியன் குங்குமப் பொட்டு போல, கூசாமல் பார்க்கும்படி இருந்தது. தெற்கே கடலை நோக்கிப் போகும் சாலையில் மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே அந்தத் தார் வட்டம். அன்றைக்கு முதலில் ஒரு சிறு ஓட்டம். அதில் வரும் வரிசைப்படி பிறகு பெரிய ஓட்டம். வசந்தாமணி சடையைச் சுருட்டி ஹெல்மெட்டுக்குள் திணித்தாள். பெல்ட்டை இறுக்கும்போது விலாவில் பட்டு முகம் சுளித்தாள். நஞ்சப்பன் பார்த்துவிட்டான். 

அவன் மூன்றாவது வளைவுக்கு நேரே வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பசீர் பக்கத்தில். முதல் சுற்றுகளில் டயர் சூடாகட்டும் என்று அவள் அடக்கித்தான் ஓட்டினாள். பிறகு இஞ்சினின் சத்தம் மாறியது. நேர்ப்பாதையில் வந்த வேகம் குறையவில்லை. சுவரில் அவள் மோதிய கறுப்புத் தடத்துக்குச் சற்று முன்னால், அன்றைக்கு அவள் பிரேக்கில் கால் வைத்த அதே இடம் வரை, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் வந்தாள்.

"யா அல்லா" என்றான் பசீர்.

நஞ்சப்பன் வண்டியைப் பார்க்கவில்லை. அந்த ஒரு சக்கரத்தைத்தான் பார்த்தான். பாரம் வந்து விழுந்தது. உடம்பு சரிந்தது. கோணலாக வந்துகொண்டிருந்த சக்கரம், ஆள் ஒருவர் எழுந்து நிற்பது போல, கண்முன்னே நிமிர்ந்தது. நிமிர்ந்த இடத்தில் நின்றது. வளைவு முழுவதும், அவ்வளவு வேகத்தில், அவ்வளவு நடுக்கத்துக்கு நடுவில், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தது போல நேராக நின்றது. வண்டி சுவரை விட்டு விலகி, உள்விளிம்பை உரசுவது போல இறங்கித் திரும்பிப் போயிற்று. வரைபலகையில் அவன் எத்தனையோ தடவை போட்ட கோடுதான். அதைக் கண்ணால் பார்க்க நேரும் என்று அவன் நினைத்ததில்லை. அடுத்த சுற்றில் மறுபடி வந்தாள். மறுபடி நிமிர்ந்தது. எத்தனை பேரை முந்தினாள் என்று பசீர்தான் கத்திக்கொண்டிருந்தான். நஞ்சப்பனின் விரல்கள் கம்பியிலேயே இருந்தன.

சிறு ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தாள். வண்டி வந்து நின்றதும் நஞ்சப்பன் அவளிடம் போகவில்லை; வலப்பக்க முன்சக்கரத்தின் முன்னால் மண்டியிட்டான். தார்ப்பொடியைத் துடைத்துவிட்டு, டயரின் உள்விளிம்பில் ஒரு விரல், நடுவில் ஒரு விரல், வெளிவிளிம்பில் ஒரு விரல் என்று தொட்டுத் தொட்டு எடுத்தான். பாரத்தை அகலம் முழுவதும் சமமாகச் சுமந்திருந்தால் சூடும் சமமாக இருக்கும்.

வசந்தாமணி இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கத்தில் வந்து குந்தினாள். முகமெல்லாம் வியர்வை. அழுதிருப்பாள் போலவும் இருந்தது, புகையாகவும் இருக்கலாம். அவன் நகர்ந்து இடம் விட்டான். அவள் கையுறையை உருவிவிட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"உள்ளோரம் துளி சூடு ஜாஸ்தியாட்ட இருக்குதுங்க" என்றாள். "வளைவை விட்டு வெளிய வர்றப்பவும் கொஞ்சம் துள்ளுது. நெம்பச் சாய்ச்சுட்டமாட்டத் தெரியுது. அரை நூல் எடுத்துரலாமுங்களா?"

அவன் மறுபடி தொட்டுப் பார்க்கவில்லை. வண்டிக்கு அடியில் கையை நீட்டி, மேல்கையின் போல்ட்டைத் தேடத் தொடங்கியிருந்தான்.

"பசீரு, பதினாறாம் நம்பர் ஸ்பானர் குடு."

"நாளைக்கு டிரெய்லரோட வர்றானே, அவனுக்கு என்ன சொல்ல?"

நஞ்சப்பன் ஸ்பானருக்காகக் கையை நீட்டியபடியே இருந்தான். வசந்தாமணிதான் பெட்டியிலிருந்து அதை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"வர வேண்டாம்னு சொல்லிப்போடுங்கண்ணா" என்றாள். "வண்டிக்கு இன்னும் சோலி இருக்குது."